மதுரை ஏர்போர்ட் பக்கம் பிளேனைப் படம் எடுக்கலாமா? கேமராவைத் தூக்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குள் கேமராவோடு போய் தேனி பஸ்ஸையோ திண்டுக்கல் பஸ்ஸையோ படம் எடுத்துப் பாருங்கள். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ‘எந்த சேனல் தம்பி?’ என்று டிரைவர் அண்ணன் விசாரிப்பார். மூடு நன்றாக இருந்தால் ஸ்டீயரிங்கைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்து போஸும் கொடுப்பார். பஸ் ரசிகர்கள் என்று ஒரு கூட்டமே நம் ஊரில் இருக்கிறது. ஹாரன் சத்தத்தை வைத்தே எந்த வண்டி என்று சொல்கிற ஆட்கள் அவர்கள்.

அதே கேமராவை நேர்கோட்டில் பத்து கிலோமீட்டர் சொச்சம் தெற்கே, விமான நிலையச் சுற்றுச்சுவர் ஓரம் கொண்டுபோய்த் தூக்குங்கள். பத்தே நிமிஷத்தில் பைக் ஒன்று பக்கத்தில் வந்து நிற்கலாம். ‘யாருப்பா நீ? இங்க எதுக்கு போட்டோ எடுக்குற?’

பிளேன் ஸ்பாட்டிங் என்பது உலகம் முழுக்க இருக்கும் சாதாரணப் பொழுதுபோக்கு. விமானம் இறங்குவதையும் ஏறுவதையும் பார்ப்பது, படம் எடுப்பது, வாலில் எழுதியிருக்கும் பதிவு எண்ணைக் குறித்துவைப்பது, அவ்வளவுதான். ஜூரிக், ஃபிராங்க்ஃபர்ட், டோக்கியோ ஹனேடா விமான நிலையங்களில் இதற்கென்றே பார்வையாளர் மாடம் உண்டு. லண்டன் ஹீத்ரோ பக்கத்தில் மர்டில் அவென்யூ என்ற தெருமுனைப் புல்வெளி, இந்த ஆட்களாலேயே பெயர் பெற்றது. நம் ஊரில் அப்படி ஓர் இடம் யாரும் ஒதுக்கித் தரவில்லை. அதனால் எங்கே நிற்பது, எப்படி நடந்துகொள்வது என்பதை நாமேதான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. தப்பாகப் போனால் இழப்பு ஒரு படம் மட்டும் இல்லை. வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் போலீஸ் வெரிஃபிகேஷன் வரும் வயதில், ஸ்டேஷனில் நம் பேர் எழுதப்படுவது சின்ன விஷயமா?

சட்டம் என்ன சொல்கிறது?

இந்த விஷயத்தில் அடிப்படை, விமான விதிகள் 1937-இன் 13ஆவது விதி. அரசு விமான நிலையத்திலோ பறக்கும் விமானத்திலிருந்தோ எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் படம் எடுக்கக் கூடாது என்கிறது அது. வெள்ளைக்காரன் காலத்து விதி. 1934 விமானச் சட்டத்துக்குப் பதிலாக 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் அதினியம் வந்துவிட்டது. ஆனாலும் பழைய சட்டத்தின் கீழ் போட்ட விதிகள், புதிய சட்டத்தோடு முரண்படாத வரை தொடர்கின்றன.

‘அப்படின்னா ஜன்னல் சீட்டுல உட்கார்ந்து நான் எடுத்த மேகம் எல்லாம் குற்றமா?’ இல்லை. விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ 2004-லேயே ஒரு சுற்றறிக்கை மூலம் பயணிகளுக்கு விலக்கு கொடுத்துவிட்டது. பறக்கும்போதும், ஏறும்போதும், இறங்கும்போதும் விமானத்துக்குள்ளிருந்து படமோ வீடியோவோ எடுக்கலாம். பாதுகாப்புக்கு இடைஞ்சல் தரும் கருவிகள் கூடாது. ஊழியர் வேண்டாம் என்றால் நிறுத்திவிட வேண்டும்.

இந்த விலக்கு பலருக்கும் தெரியவந்ததே 2020 செப்டம்பரில்தான். நடிகை கங்கனா ரனாவத் சண்டிகரிலிருந்து மும்பைக்குப் போன விமானத்தில் டிவி நிருபர்கள் முண்டியடித்துப் படம் எடுத்தார்கள். விதி மீறிப் படம் எடுக்க அனுமதித்தால் அந்த வழித்தட சேவையையே இரண்டு வாரம் நிறுத்துவோம் என்று டிஜிசிஏ எச்சரித்தது. பயணிகள் பதறிப்போக, ‘சாதாரணமாக எடுப்பவர்களுக்கு 2004 சலுகை அப்படியே இருக்கிறது’ என்று மறுநாளே விளக்கம் வந்தது.

மதுரைக்கும் இதில் ஒரு கதை இருக்கிறது. 2021 மே 23, கொரோனா ஊரடங்கு நேரம். மதுரையிலிருந்து வாடகைக்கு எடுத்த விமானத்தில், நடுவானில் ஒரு தாலி கட்டு நடந்தது. விமான நிலைய அதிகாரிகளுக்கே கல்யாணம் நடக்கப்போகிற விஷயம் தெரியாது. காட்டிக்கொடுத்தது, மாஸ்க் இல்லாமல் நெருக்கியடித்து நின்ற சொந்தக்காரர்களின் சொந்த வீடியோதான். டிஜிசிஏ விசாரணை வைத்தது, விமான ஊழியர்கள் பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார்கள். எடுப்பது ஒரு விஷயம், அதைப் போஸ்ட் போடுவது வேறு விஷயம் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டுமா?

இன்னொன்று புதிது. ஆபரேஷன் சிந்தூருக்குப் பிறகு, 2025 மே மாதம், ராணுவமும் பயன்படுத்தும் விமானத் தளங்களுக்கு டிஜிசிஏ தனி உத்தரவு போட்டது. அங்கே ஏறி இறங்கும்போது 10,000 அடி உயரம் வரை ஜன்னல் திரையை மூடிவைக்க வேண்டும், ராணுவத் தளத்தைப் படம் எடுக்கக் கூடாது. மேற்கு எல்லைப் பக்கத்து நிலையங்களை மனதில் வைத்து வந்த உத்தரவு அது. மதுரையில் அந்தப் பிரச்சினை இல்லை. வேலைக்காக புனே, ஜம்மு, ஸ்ரீநகர் என்று பறப்பவர்கள் அறிவிப்பைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

டெர்மினலுக்குள் என்ன கணக்கு? பாதுகாப்புச் சோதனை, இமிக்ரேஷன், கஸ்டம்ஸ் பக்கம் போனை பாக்கெட்டிலேயே வையுங்கள். ஏடிஆர் மாதிரி சின்ன விமானத்தில் ஏற பெரும்பாலும் தரையில் நடந்துதான் போக வேண்டும். அங்கே செல்ஃபிக்கு நின்றால் தரை ஊழியர் சத்தம் போடுவார். அவர் சத்தம் போடுவதற்குக் காரணம் இருக்கிறது: பக்கத்திலேயே காற்றாடி சுற்றும், வண்டிகள் ஓடும்.

சுவருக்கு வெளியே நின்றால்?

13ஆவது விதி ‘விமான நிலையத்தில்’ என்றும் ‘விமானத்திலிருந்து’ என்றும்தான் பேசுகிறது. பொதுச் சாலையில் நின்றுகொண்டு, தலைக்கு மேல் போகும் பயணிகள் விமானத்தை எடுப்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. ஆனால் ‘விதியில இல்ல சார்’ என்று சொல்லிச் சண்டைக்குப் போக இது பட்டிமன்ற மேடை இல்லை. சந்தேகம் வந்தால் விசாரிப்பது போலீஸின் வேலை. எனவே உங்கள் கையில் இருப்பது ஒன்றே ஒன்று, சந்தேகம் வராதபடி நடந்துகொள்வது.

உலகத்தில் ஸ்பாட்டர்கள் மாட்டிய கதைகளை எடுத்துப் பார்த்தால், வம்புக்கு இழுத்தது பெரும்பாலும் கேமராவோடு சேர்ந்து வந்த வேறு ஏதோ ஒன்று.

2010 பிப்ரவரியில் டெல்லி விமான நிலையம் அருகே ஒரு ஹோட்டலில் இரண்டு பிரிட்டிஷ்காரர்கள் தங்கினார்கள். ரன்வே தெரிகிற மாதிரி ரூம் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். ஹோட்டல் ஊழியர்களுக்குச் சந்தேகம் வந்து போலீசுக்குச் சொன்னார்கள். மும்பை தாக்குதல் நடந்து ஒன்றேகால் வருஷம்தான் ஆகியிருந்த நேரம் அது. இவர்களிடம் விமானி பேச்சைக் கேட்கும் ரேடியோ கருவி இருந்தது. உளவு ஒன்றும் இல்லை, வெறும் பொழுதுபோக்குதான் என்று தெளிவானபோதும், அனுமதி இல்லாமல் அலைவரிசையை ஒட்டுக்கேட்டது குற்றம் குற்றம்தானே? ஏறக்குறைய இரண்டு மாதம் ஊருக்குத் திரும்ப முடியவில்லை. கடைசியில் ஆளுக்குச் சுமார் 25 ஆயிரம் ரூபாய் அபராதம் கட்டி வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

ஆகவே ஆன்லைனில் வாங்கிய ஏர்பேண்ட் ஸ்கேனர், வாக்கி டாக்கி, எதுவும் வேண்டாம். ஃபிளைட்ரேடார்24 ஆப் போதும். எந்த விமானம், எங்கிருந்து, எவ்வளவு உயரத்தில், பதிவு எண் என்ன, எல்லாம் அதிலேயே வந்துவிடுகிறது.

இரண்டாவது கதை கிரீஸ் நாட்டில், கலமாட்டா விமானத் தளத்தில். 2001 நவம்பரில் அங்கே நடந்த விமானப்படைக் கண்காட்சிக்குப் போன 12 பிரிட்டிஷ்காரர்களும் 2 டச்சுக்காரர்களும் உளவாளிகள் என்று கைதானார்கள். அவர்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்திருந்தது விமானங்களின் எண்கள். ‘இதெல்லாம் ஒரு பொழுதுபோக்கா?’ என்று அந்த ஊர் அதிகாரிகளுக்கு நம்பவே முடியவில்லை. 2002 ஏப்ரலில் தண்டனை விதித்தார்கள், நவம்பரில் மேல்முறையீட்டில் விடுவித்தார்கள். நடுவில் ஒரு வருஷம் போய்விட்டது.

இங்கேயும் ராணுவம் என்றால் கணக்கே வேறு. தஞ்சாவூர், சூலூர், தாம்பரம் விமானப்படைத் தளங்கள், அரக்கோணத்திலும் உச்சிப்புளியிலும் கடற்படைத் தளங்கள். இவற்றின் வேலி ஓரம் கேமராவைத் தூக்கினால் அலுவல் ரகசியச் சட்டம் 1923 வரை பேச்சு போகும். 2024 அக்டோபரில் சென்னை மெரினாவில் விமானப்படை சாகசத்தின்போது சுகோய் விமானத்தை லட்சக்கணக்கானோர் படம் பிடித்தார்கள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதே சுகோய் தஞ்சாவூர் ஓடுபாதையில் நிற்கும்போது எடுப்பது வேறு. சென்னையில் ஓடுபாதை அழகாகத் தெரியும் பரங்கிமலையிலும் இந்தக் கவனம் வேண்டும், பக்கத்திலேயே ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையம் இருக்கிறது. பயணிகள் விமான நிலையத்திலும் பிரதமர், முதல்வர் வரும் நாளில் வீட்டிலேயே இருந்துவிடுவது உத்தமம்.

ட்ரோன்? 2021 ட்ரோன் விதிகள்படி, இயங்கும் விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 8 கிலோமீட்டர் வரை தரையிலிருந்தே மஞ்சள் மண்டலம், அதாவது விமானக் கட்டுப்பாட்டு அனுமதி இல்லாமல் பறக்கவே விடக் கூடாது. 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடிக்கு மேல் போகக் கூடாது. ஆரப்பாளையம் மொட்டை மாடி ஏறக்குறைய இந்த இரண்டாவது வளையத்துக்குள்தான் வருகிறது. இது போக சிவப்பு மண்டலங்களும் உண்டு, அங்கே மத்திய அரசின் அனுமதியே வேண்டும். டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் மேலே அனுப்பாதீர்கள். 250 கிராம் பொம்மை ட்ரோன்தானே என்ற சமாதானம் இங்கே செல்லாது. பிளேன் படம் எடுக்க ட்ரோன் என்ற யோசனையையே விட்டுவிடுங்கள் என்பதுதான் என் கருத்து.

நீங்கள் நிற்பது ஒருவருடைய ஊர்

சட்டத்தைவிட மதுரையில் நான் முக்கியமாக நினைப்பது இதை. மதுரை ஓடுபாதையின் நீளம் 2,285 மீட்டர். பெரிய விமானங்கள் வந்துபோக இது போதாது என்பதால் நீட்டிக்கும் திட்டம் பல வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது. அதற்காக அயன்பாப்பாக்குடி, சின்ன உடைப்பு உள்ளிட்ட ஊர்களில் நிலம் எடுக்கிறார்கள். 2024 நவம்பரில், மாற்று இடமும் மறுகுடியமர்வும் தராமல் வெளியேற மாட்டோம் என்று சின்ன உடைப்பு மக்கள் போராட்டத்தில் இறங்கினார்கள்.

இப்போது அந்த இடத்தில் நம்மை வைத்துப் பாருங்கள். தோளில் பை, ட்ரைபாட், முழ நீள லென்ஸ். ஊருக்குள் நுழைந்து, கண்மாய்க் கரையில் நின்று அங்கும் இங்கும் பார்க்கிறோம். அவர்கள் கண்ணுக்கு நாம் யார்? அளக்க வந்த ஆள். இல்லையென்றால் டிவிக்காரன். ‘யாருப்பா, சர்வேக்கா வந்திருக்கீங்க?’ என்று ஒரு பெரியவர் கேட்டால் அதில் கோபமும் இருக்கலாம், ஏதாவது சேதி கிடைக்குமா என்ற எதிர்பார்ப்பும் இருக்கலாம்.

‘இல்லய்யா, பிளேன் பார்க்க வந்தோம். போட்டோ எடுக்கறது ஒரு பழக்கம். இங்க நிக்கலாமா?’ என்று முதலில் நாமே போய்ச் சொல்லிவிட வேண்டும். டீக்கடை இருந்தால் டீ குடித்துக்கொண்டே சொல்லலாம். வேண்டாம் என்றால் கிளம்பிவிடுங்கள். பட்டா நிலத்துக்குள் கேட்காமல் இறங்காதீர்கள், வரப்பில் பைக் ஏற்றாதீர்கள். யார் வீட்டு மாடியிலாவது ஏற இடம் கொடுத்தால், அந்த வீட்டையும் அவர்கள் முகத்தையும் ரீல்ஸில் போடாதீர்கள். ‘ஏர்போர்ட் வியூ ஸ்பாட்’ என்று லொகேஷன் பின் போட்டு ஊரைக் கூட்டுவதும் வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருபது பைக் வந்து நின்றால், உங்களுக்குக் கிடைத்த இடமும் போய்விடும்.

திருப்பரங்குன்றம் மலை மேலிருந்து எடுக்கலாமே என்று சிலருக்குத் தோன்றும். 2025-இல் தடையுத்தரவு போடும் அளவுக்கு மலை விவகாரம் சூடானது. போலீஸ் கண் எப்போதும் இருக்கும் இடத்தில் பெரிய லென்ஸோடு ஏறி நிற்பது, ஒரு படத்துக்காக வாங்கிக்கொள்ளும் வீண் தலைவலி.

குப்பை பற்றியும் சொல்ல வேண்டும். பிரியாணி பார்சல் வாங்கிப் போய்ச் சாப்பிட்டுவிட்டு எலும்பை அங்கேயே வீசிவிட்டு வருவதில் இரண்டு பிரச்சினை. ஒன்று, 1937 விதிகளின் 91ஆவது விதி, விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் பறவைகளை இழுக்கும் மாதிரிக் கழிவு கொட்டுவதைத் தடை செய்கிறது. இரண்டு, எலும்புக்கு வரும் பருந்து இன்ஜினுக்குள் போனால் என்ன ஆகும் என்று பிளேன் ரசிகருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதே மாதிரி ராத்திரியில் விமானத்தை நோக்கி லேசர் அடிப்பது, பெரிய டார்ச் அடிப்பது, பட்டம் விடுவது. இதைச் செய்யும் ஆள் உங்கள் குழுவில் இருந்தால் அவரைக் கூட்டிப்போகாதீர்கள்.

போலீஸ் வந்து கேட்டால்?

ஓடாதீர்கள், கேமராவை மறைக்காதீர்கள், செல்போனில் வீடியோ ஆன் பண்ணி ‘ரூல் நம்பர் சொல்லுங்க சார்’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘சார், பிளேன் போட்டோ எடுக்கறேன் சார், ஹாபி’ என்று சொல்லி அடையாள அட்டையைக் காட்டுங்கள். எடுத்த படங்களை நீங்களே முன்வந்து காட்டினால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும். அதற்காகவே மெமரி கார்டில் சுவர், கண்காணிப்பு கோபுரம், காவலர் நிற்கும் இடம், ரோந்து வண்டி எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்ஸ்டாவில் ஏற்கெனவே போட்ட விமானப் படங்கள் இருந்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை. கிளம்பு என்றால் கிளம்ப வேண்டும். விமானம் நாளைக்கும் வரும்.

குற்றத்தோடு தொடர்பு இருப்பதாகச் சந்தேகப்பட்டால் பொருளைக் கைப்பற்ற போலீசுக்கு அதிகாரம் உண்டு, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106ஆவது பிரிவு அது. அப்படிக் கேமராவையோ போனையோ எடுத்துக்கொண்டால், பணிவாக, ஆனால் விடாமல், எழுத்தில் ஒரு ரசீது கேளுங்கள். ஸ்டேஷன் பெயரையும் அதிகாரி பெயரையும் குறித்துக்கொண்டு வீட்டுக்கும் தெரிந்த வக்கீலுக்கும் சொல்லிவிடுங்கள்.

உங்கள் படமே சாட்சியாகலாம்

2025 ஜூன் 12. அகமதாபாத்திலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா 171, போயிங் 787 விமானம், ஏறிய சில நொடிகளில் விழுந்தது. விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர் மட்டுமே பிழைத்தார். உலகமே பார்த்த அந்த வீடியோவை எடுத்தவன் 17 வயதுப் பையன். விமானத்தின் மேல் இருந்த ஆசையில், விமான நிலையத்துக்குப் பக்கத்து மாடியில் நின்று எடுத்தான். போலீஸ் அவனைக் கைது செய்ததாக வதந்தி பரவியது. சாட்சி என்ற முறையில் வாக்குமூலம் மட்டுமே பெற்றோம் என்று போலீஸ் விளக்கம் தர வேண்டியதாயிற்று.

நமக்கு அப்படி ஒரு நிலை வரவே கூடாது. வந்துவிட்டால், அல்லது இன்ஜினில் தீப்பொறி, டயர் வெடிப்பு என்று ஏதாவது கேமராவில் மாட்டிவிட்டால், அசல் ஃபைலை வெட்டாமல், ஃபில்டர் போடாமல், அப்படியே பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தரம் குறைந்துவிடும், நேர விவரங்களும் போய்விடும். முதலில் போலீசுக்கோ விமான நிலையத்துக்கோ சொல்லுங்கள். உள்ளே இருப்பவர்களின் வீட்டார் அந்தச் செய்தியை உங்கள் ஸ்டோரியில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

வெளிச்சம், வெயில், ஏடிஆர்

இனி நல்ல படத்துக்கு வருவோம். மதுரை ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது, எண்கள் 09, 27. விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும், ஏறும். மேல்காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் பொதுவாகக் கிழக்கிலிருந்து இறங்கும், வாடை அடிக்கும் மாதங்களில் மேற்கிலிருந்து. கிளம்பும் முன் ஆப்பில் முந்தைய இரண்டு விமானங்கள் எப்படி இறங்கின என்று பார்த்துவிட்டால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரிந்துவிடும்.

வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்பது பாலபாடம். வருஷத்தில் பெரும்பகுதி ஓடுபாதைக்குத் தெற்கே நின்றால் அது கிடைக்கும். ஆனால் மதுரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பத்து டிகிரிக்குள் இருப்பதால், ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை மத்தியான சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். அந்த மாதங்களில் வடக்குப் பக்கம்தான் வெளிச்சம். எந்த மாதமானாலும் பத்து மணிக்கு மேல் தரைக்கு அருகே கானல் ஆடும். லட்ச ரூபாய் லென்ஸ் வைத்திருந்தாலும் சக்கரம் தண்ணீருக்குள் இருப்பது போலத்தான் வரும். காலை ஒன்பதுக்குள் முடியுங்கள், இல்லாவிட்டால் சாயங்காலம் போங்கள். மத்தியானம் எடுத்தே தீருவேன் என்றால், தலைக்கு மேல் இருக்கும்போது மட்டும் எடுங்கள்.

கொழும்பிலிருந்து மயில் சின்னத்தோடு வரும் ஸ்ரீலங்கன் ஏர்பஸ் கிடைத்தால் விடாதீர்கள். நம் விமானங்களின் பதிவு எண் விடி என்று தொடங்கும், அதில் 4ஆர் என்றிருக்கும். ஜெட் விமானத்துக்கு ஷட்டர் வேகம் 1/1000 வைத்தால் போதும், பெரிதாகக் கவலை இல்லை.

சோதிப்பது ஏடிஆர்தான். 1/1000-இல் எடுத்தால் காற்றாடி உறைந்துபோய், இன்ஜின் நின்ற விமானம் அந்தரத்தில் தொங்குகிற மாதிரி இருக்கும். ஏடிஆர் 72-இன் காற்றாடி, ஏறும்போது நிமிஷத்துக்கு 1,200 சுற்று சுற்றும். அதாவது நொடிக்கு 20 சுற்று. 1/1000 நொடியில் அது 7 டிகிரி சொச்சம்தான் நகரும். 1/125-இல் ஏறக்குறைய 58 டிகிரி. அதற்கு ஆறு இறக்கை, இரண்டு இறக்கைக்கு நடுவே 60 டிகிரி. எனவே 1/125 வைத்தால் இடைவெளி கிட்டத்தட்ட முழுக்க நிரம்பி வட்டத் தட்டு மாதிரி விழும். சிக்கல் என்னவென்றால், அந்த வேகத்தில் விமானத்தோடு சேர்ந்து கேமராவும் சீராகத் திரும்ப வேண்டும். இரண்டு காலையும் அகட்டி ஊன்றி, இடுப்பிலிருந்து திரும்பிப் பழகுங்கள். ஆரம்பத்தில் 1/250. பத்துப் படத்தில் எட்டு ஆடித்தான் வரும். அழித்துவிட்டு, அடுத்த சென்னை ஏடிஆர் எத்தனை மணிக்கு என்று ஆப்பைப் பாருங்கள்.